நீலப் பாஸ்போர்ட்டும் சிறுவாணித் தண்ணீரும்

ஓய்வுபெற்ற பின் தமிழ்நாட்டில் வந்து வாழ நினைக்கும் அமெரிக்கக் குடிமக்களின் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுபவர், நியூ ஜெர்சியில் 33 ஆண்டுகள் இருந்துவிட்டு 2016-ல் கணவருடன் கோவை வடவள்ளிக்கு வந்தவர். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். தன்னை ஆலோசகர் என்று போட வேண்டாம், "பட்டுத் தெரிந்துகொண்டவள்" என்று போட்டால் போதும் என்றார்.

எடிசன், நியூ ஜெர்சி வாசகர்: எனக்கு 64 வயது, மனைவிக்கு 61. இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். அடுத்த ஆண்டு வீட்டையும் காரையும் விற்று, எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு சொந்த ஊருக்கே திரும்புகிறோம். முதலில் கவனிக்க வேண்டியது என்ன?

'திரும்புகிறோம்' என்ற சொல்லைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நீங்கள் திரும்பவில்லை ஐயா, வெளிநாட்டுக்குக் குடிபோகிறீர்கள். இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உங்கள் கையில் இருப்பது அமெரிக்கப் பாஸ்போர்ட். இந்திய அரசியல் சாசனம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை என்பது ஆயுள் முழுவதற்குமான விசா, அவ்வளவுதான். ஓட்டுரிமை கிடையாது.

நான் 1983-ல் கோவையிலிருந்து போனவள். 33 ஆண்டும் மனத்துக்குள் ஒரு கோவையை வைத்துக்கொண்டு வாழ்ந்தேன். வந்து இறங்கிய முதல் மாதம் அவினாசி சாலையின் குறுக்கே கடக்க முடியாமல் இருபது நிமிடம் நின்றேன். ஆட்டோக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அம்மா எந்த ஊர்?" என்றார். வங்கியில் ஆதார் கேட்டார்கள். ஓ.சி.ஐ. அட்டைக்காரருக்கு ஆதார் உண்டு, ஆனால் முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். "நான் பிறந்ததே இந்த ஊர்" என்று அந்தப் பையனிடம் சண்டை போட்டேன். அவன் பாவம், என் நீலப் பாஸ்போர்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் கணவர் கும்பகோணத்துக்காரர். கோவை அவருக்கு முன்பின் தெரியாத ஊர். அதனால் வந்த அன்றே ஒரு நீண்ட நோட்டு வாங்கினார். எரிவாயு இணைப்புக்கு யாரைப் பார்ப்பது, சிறுவாணித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், எந்த மருந்துக்கடை இரவில் திறந்திருக்கும் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். யாரிடமும் கோபப்படவில்லை. ஆறு மாதத்தில் அவருக்கு ஊரில் பத்துப் பேர் நண்பர்கள். எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது.

இன்னொன்று, எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வராதீர்கள். மூன்றை விட்டுவைக்க வேண்டும்: ஒரு அமெரிக்க வங்கிக் கணக்கு, கடிதம் வருவதற்கு மகன் அல்லது மகள் வீட்டு முகவரி, ஓர் அமெரிக்கக் கைபேசி எண். இந்த மூன்றாவதை எல்லோரும் மறக்கிறார்கள். எந்தக் கணக்கைத் திறந்தாலும் ஆறு இலக்கக் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் போகிறது. நாங்கள் பங்குகள் வைத்திருந்த ஒரு நிறுவனம், முகவரியைக் கோவைக்கு மாற்றியதுமே புதிதாக எதுவும் வாங்க முடியாதபடி கணக்கை முடக்கிவிட்டது. வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு அவர்கள் வழக்கமே அதுவாம். கிளம்புவதற்கு முன்பே உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃப்ரிஸ்கோ, டெக்சஸ் வாசகி: இந்தியாவில் குடியேறி, அங்கே வரி கட்டத் தொடங்கிவிட்டால் அமெரிக்க வரித்துறை நம்மை விட்டுவிடும் அல்லவா?

விடாது. ஒருவர் எங்கே வசித்தாலும் குடியுரிமையைப் பிடித்துக்கொண்டு வரி கேட்கும் நாடுகள் அமெரிக்காவும் எரித்ரியாவும்தான். வடவள்ளியில் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கும் நான் 1040 படிவம் நிரப்புகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஜூன் 15 வரை தானாகவே அவகாசம் உண்டு. ஆனால் கட்ட வேண்டிய வரிக்கு வட்டி ஏப்ரல் 15-லிருந்தே ஓடத் தொடங்கிவிடும். "வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரிய விலக்கு இருக்கிறதாமே" என்று யாராவது சொல்வார்கள். அது உழைத்துப் பெறும் சம்பளத்துக்கு மட்டும். பென்ஷன், வட்டி, வாடகை எதற்கும் அது பொருந்தாது. ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் முழு வரி விழாமல் இருக்க, இங்கே கட்டியதை அங்கே கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.இ. வைப்புத்தொகை வட்டிக்கு, நீங்கள் வெளிநாட்டில் வசிக்கும்வரை இந்தியாவில் வரி இல்லை என்று வங்கிக்காரர் சொல்வது உண்மைதான். அமெரிக்காவில் அதற்கு வரி உண்டு என்பதைச் சொல்வது அவர் வேலை இல்லை.

வரியைவிட ஆளைக் கவிழ்ப்பது எஃப்பார் என்கிற அறிக்கை. அமெரிக்காவுக்கு வெளியே உங்களுக்கு இருக்கும் எல்லா வங்கிக் கணக்குகளையும் கூட்டி, ஆண்டில் ஒரே ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அறிவித்தாக வேண்டும். இங்கே குடிவந்துவிட்டால் அந்தத் தொகையைத் தாண்டாதவர் யார்? இது பணம் கட்டும் படிவம் இல்லை, கணக்கைக் காட்டும் படிவம். காட்டாவிட்டால்தான் பணம்.

என் மாமியார் 2009-ல் தன் கும்பகோணம் வங்கிக் கணக்கில் மகன் பெயரையும் சேர்த்துவிட்டார், "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்று. அதில் இருந்தது 11 லட்சம். என் கணவர் ஒரு ரூபாய்கூடப் போட்டதில்லை, எடுத்ததும் இல்லை. ஆனாலும் அது அவர் கணக்கு, அறிவித்திருக்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்துத்தான் எங்களுக்கே உறைத்தது. விளக்கக் கடிதத்தோடு தாமதமாகத் தாக்கல் செய்தோம், தண்டம் இல்லாமல் தப்பித்தோம். வேண்டுமென்று செய்யாத தவறு என்றால் தண்டம் அறிக்கைக்கு ஒன்றுதான், கணக்குக்கு ஒன்று அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பு ஐந்து கணக்கு வைத்திருந்தவருக்கு ஐந்து மடங்கு என்று பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்கு இந்தக் கதை கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால், "என் பணத்தை அமெரிக்காக்காரன் எதற்கு எண்ணுகிறான்?" என்று கேட்டிருப்பார். என்னிடம் பதில் இருந்திருக்காது.

வெளிநாட்டில் வசிக்கும் தம்பதிக்கு, ஆண்டுக் கடைசி நாளில் வெளிநாட்டுச் சொத்துக்கணக்கு 4 லட்சம் டாலரையோ ஆண்டின் இடையில் 6 லட்சத்தையோ தாண்டினால் 8938 என்று இன்னொரு படிவமும் உண்டு. எஃப்பார் கொடுத்துவிட்டோமே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

சான் ஹோசே வாசகர்: விடுமுறையில் வந்தபோது ஈரோட்டில் ஒரு வங்கி மேலாளர், மாதம் 50,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொன்னார். குடிவந்ததும் தொடங்கிவிடலாமா?

அவர் கொடுக்கும் காப்பியைக் குடியுங்கள், நன்றி சொல்லுங்கள், எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்கக் குடிமகனின் கையில் இந்திய மியூச்சுவல் ஃபண்ட் என்பது பி.எஃப்.ஐ.சி. என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனப் பட்டியலில் விழும். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியாக 8621 படிவம். விற்றுவரும் லாபத்தைச் சாதாரண மூலதன லாபமாகப் பார்க்க மாட்டார்கள். வைத்திருந்த ஆண்டுகளுக்கெல்லாம் பிரித்துப் போட்டு, கடந்த ஆண்டுகளின் பங்குக்கு அந்தந்த ஆண்டின் உச்ச விகிதத்தில் வரி, அதற்கு மேல் வட்டி. உங்கள் வருமானம் எந்தப் படியில் இருக்கிறது என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. படிவம் நிரப்பிக் கொடுக்கும் கணக்காளரின் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். இங்கே வைப்புத்தொகை போடுங்கள், ஃபண்டை அமெரிக்காவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் மேல் குற்றமில்லை. அவருக்கு இலக்கு இருக்கிறது.

நேப்பர்வில், இல்லினாய் வாசகி: அடுத்த ஆண்டு 65 ஆகிறது. அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இந்தியாவில் செல்லாது என்றால் அதற்கு எதற்காகப் பணம் கட்ட வேண்டும்?

எங்கள் வீட்டில் ஆறு ஆண்டு நடந்த சண்டை இது. நான் கட்டவில்லை, என் கணவர் கட்டினார். யார் சொன்னது சரி என்று இன்றும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

மெடிகேர் மிகச் சில விதிவிலக்குகள் தவிர அமெரிக்காவுக்கு வெளியே ஒரு பைசா கொடுக்காது. மருத்துவமனையில் தங்கும் செலவுக்கான ஏ பிரிவு, போதுமான ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கு இலவசம். அதை எடுத்துக்கொள்வதில் யோசனையே வேண்டாம். சண்டை மருத்துவர் கட்டணத்துக்கான பி பிரிவைப் பற்றித்தான். 2025-ல் மாதம் 185 டாலர், 2026-ல் 202.90. வருமானம் அதிகம் என்றால் இன்னும் கூடும். எடுக்காமல் விட்டு, பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்தால், விட்ட ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 10 சதவீதம் தண்டம், அதுவும் ஆயுள் முழுவதும். பத்தாண்டு விட்டால் கட்டணம் இரண்டு மடங்கு.

கேட்கப் பயமாக இருக்கும். சம்பளக் கணக்கு போட்ட கை சும்மா இருக்குமா, ஒரு நாள் இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று ஆண்டு விட்டால் மிச்சம் மூன்று ஆண்டுக் கட்டணம், தண்டம் ஆண்டுக்கு 30 சதவீதம். பத்தாண்டு விட்டால் மிச்சம் பத்தாண்டுக் கட்டணம், தண்டம் ஆண்டுக்கு 100 சதவீதம். எத்தனை ஆண்டு விட்டாலும், திரும்பிப் போனபின் பத்தாண்டு உயிரோடு இருந்தால்தான் தண்டம் மிச்சத்தை விழுங்கும். கட்டணம் ஏறிக்கொண்டே போவதால் அதற்குச் சற்று முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பது வயதில் திரும்பிப் போகிறவருக்கு இந்தத் தண்டம் ஒரு பொருட்டே இல்லை. இதை அவரிடம் காட்டியபோது பெரிதாக ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அவர் கணக்கைப் பார்த்துவிட்டு, "காத்திருக்கும் மாதங்கள் எங்கே?" என்றார். ஓட்டை அங்கேதான் இருந்தது. விட்டவர்கள் மறுபடி சேர ஆண்டுக்கு ஒருமுறைதான் கதவு திறக்கும், ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை. பதிந்த அடுத்த மாதம் காப்பு தொடங்கும். எங்கள் குடியிருப்பில் ஒருவருக்கு மே மாதம் பக்கவாதம். மகள் வந்து அட்லாண்டாவுக்கு அழைத்துப் போனாள். ஏ பிரிவு இருந்தது. பி பிரிவு கிடைத்தது அடுத்த பிப்ரவரியில். இடையில் மருத்துவர் கட்டணம், பயிற்சிச் சிகிச்சை எல்லாம் மகளின் கைப்பணம். தண்டத்துக்குப் பயப்படாதீர்கள், அந்த இடைவெளிக்குப் பயப்படுங்கள்.

என் கணவர் இதய நோயாளி. ஆறு ஆண்டும் கட்டினார், ஒரு நாள்கூடப் பயன்படுத்தவில்லை. வீண் என்று நான் முணுமுணுக்கும்போதெல்லாம், "இதை மருத்துவச் செலவில் எழுதாதே, விமான டிக்கெட்டில் எழுது" என்பார். பிள்ளைகளிடம் எந்த நிமிடமும் போகலாம் என்ற நினைப்புக்குக் கொடுக்கும் விலை என்று பொருள். உங்கள் பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்து, உங்களுக்கும் ஏற்கெனவே ஒரு நோய் இருந்தால் கட்டுங்கள். இல்லையென்றால் என் பக்கம் வாருங்கள், ஆனால் அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இந்தியாவில் காப்பீடு எடுக்க 65 வயது வரம்பு 2024 ஏப்ரலில் போய்விட்டது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பும் அதிகபட்சம் மூன்று ஆண்டாகக் குறைந்திருக்கிறது. அந்த மூன்று ஆண்டு எப்போது தொடங்க வேண்டும் என்று யோசியுங்கள். வந்து, வீடு பார்த்து, சாமான் இறக்கி, ஓய்வாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

ஹூஸ்டன் வாசகர்: பொள்ளாச்சி பக்கம் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கி, நடுவில் சின்ன வீடு கட்டிக்கொண்டு இருக்க ஆசை. ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது.

இந்த ஆசை இல்லாத அமெரிக்கத் தமிழரை நான் பார்த்ததில்லை. எல்லோருடைய தோப்பும் இரண்டு ஏக்கர்தான், எல்லோருடைய வீடும் சின்ன வீடுதான். ஆனால் ஓ.சி.ஐ. அட்டையை வைத்துக்கொண்டு விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு மூன்றையும் வாங்க முடியாது. மனையும் அடுக்குமாடி வீடும் வாங்கலாம். அப்பாவின் தோப்பு பாகமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்கும்போது இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும்.

அடுத்து நீங்கள் கேட்கப் போவது தெரியும்: தம்பி பெயரில் வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் அது தம்பியின் தோப்பு. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகள், மருமகள்கள். பினாமிச் சட்டம் வேறு இருக்கிறது. மரத்தடியில் உட்கார வேண்டும் என்றால், வாசலில் இரண்டு தென்னை இருக்கும் தனி வீடாகப் பார்த்து வாங்குங்கள்.

திருச்சி வாசகர்: எச்-1பி விசாவில் ஏழு ஆண்டு வேலை பார்த்து, சோஷியல் செக்யூரிட்டி என்ற அமெரிக்க அரசு ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டிவிட்டுத் திரும்பி வந்தவன் நான். குடியுரிமை வாங்கவில்லை. அந்தப் பணம் கிடைக்குமா?

கிடைக்காது. நாற்பது புள்ளி வேண்டும், ஆண்டுக்கு நான்குதான் சேரும். உங்களிடம் இருபத்தெட்டு. இரண்டு நாட்டு ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ளும் உடன்படிக்கை அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் இடையில் இல்லை. ஜெர்மனிக்காரருக்கும் கொரியாக்காரருக்கும் அது இருக்கிறது. டெல்லி பல ஆண்டாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. புள்ளிகள் அழிவதில்லை என்பது மட்டும் ஆறுதல். எப்போதாவது மறுபடி போய் மூன்று ஆண்டு வேலை பார்த்தால் விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கை தொடரும்.

கொலம்பஸ், ஒஹையோ வாசகி: பக்கத்து வீட்டு அமெரிக்கத் தம்பதி, நாங்கள் கோவை போகிறோம் என்றதும் அவர்களும் வருகிறேன் என்கிறார்கள். வரலாமா?

விருந்தாளியாக வரலாம். இந்தியாவில் ஓய்வுபெற்றவர்களுக்கென்று ஒரு விசாவே கிடையாது. இந்திய வம்சாவளியும் இல்லை, இந்தியத் துணையும் இல்லை என்றால் சுற்றுலா விசாதான். அது பத்தாண்டுக்குக் கொடுக்கப்பட்டாலும் ஒருமுறை வந்தால் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் தங்க முடியாது. அவர்களைக் கோஸ்டாரிகா அல்லது பனாமா பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் 1,000 டாலர் நிரந்தர ஓய்வூதியம் காட்டினால் இரண்டு நாடும் ஓய்வுபெற்றோர் அனுமதி தருகின்றன. மெக்சிகோவில் சபாலா ஏரிக்கரையில் பல பத்தாண்டுகளாகவே அமெரிக்க முதியவர்கள் கூட்டமாக இருக்கிறார்கள். போர்ச்சுகல் என்றால், எல்லோரும் பேசிய அந்தப் பழைய வரிச்சலுகை 2024 தொடக்கத்தோடு புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள். உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு அவர்களுக்கு இல்லை. ஓ.சி.ஐ. அட்டையை நான் குறை சொல்லும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும், வாயை மூடிக்கொள்வேன்.

டாம்பா, ஃப்ளோரிடா வாசகர்: எந்த மாதத்தில் வந்து சேர்ந்தால் இந்திய வருமான வரிக்கு நல்லது?

ஜாதகம் பார்ப்பவரைக் கேட்டால் தை என்பார். கணக்காளரைக் கேட்டால் அக்டோபர் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு என்பார். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்தவர், 182 நாளுக்குக் குறைவாக அந்த ஆண்டில் இங்கே இருந்தால் பெரும்பாலும் வெளிநாட்டில் வசிப்பவராகவே கணக்கில் நிற்பார். அந்த ஆண்டு கல்யாணம், கோயில் என்று வந்துபோன நாட்களும் சேரும், மறக்காதீர்கள். அதற்குப் பிறகு இரண்டு, சில வேளை மூன்று ஆண்டுகள் ஆர்.என்.ஓ.ஆர். என்ற இடைநிலை கிடைக்கும். அப்போது உங்கள் அமெரிக்க வருமானத்தை இந்தியா தொடாது. பழைய பங்குகளை விற்பது, கணக்குகளை ஒழுங்குபடுத்துவது எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் முடித்துவிடுங்கள். பிறகு உலக வருமானம் முழுவதையும் இந்தியா கேட்கும். அமெரிக்கக் கணக்குகளைப் பட்டியலிட்டுக் காட்டவும் வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் தண்டம் 10 லட்சம் ரூபாய். 401கே போன்ற ஓய்வுக்காலக் கணக்குக்கு, பணத்தை எடுக்கும் ஆண்டில் மட்டும் வரி கட்ட 89ஏ பிரிவு வழிசெய்தது. அதைத் தேர்ந்தெடுப்பதாகப் படிவம் கொடுக்க வேண்டும், தானாக வராது. சோஷியல் செக்யூரிட்டிக்கு இந்தியா வரி போடாது. இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி அது அமெரிக்காவுக்கு மட்டுமே உரியது.

சேலம் வாசகி: அரசுக் கல்லூரியில் 22 ஆண்டு பணிபுரிந்து விருப்ப ஓய்வு பெற்றேன். பிறகு மகனிடம் போய் அங்கே 12 ஆண்டு வேலை பார்த்தேன். இந்தியப் பென்ஷன் வாங்கினால் அமெரிக்கப் பணத்தைக் குறைப்பார்கள் என்கிறார்களே?

குறைத்தார்கள். அந்த விதி 2025 ஜனவரியில் ஒழிந்தது. 2024 ஜனவரியிலிருந்து கணக்கிட்டு விடுபட்ட தொகையையும் கொடுத்தார்கள். உங்களுக்கு இன்னும் பழைய தொகையே வந்துகொண்டிருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள். கல்லூரி ஆசிரியைக்குக் கடிதம் எழுத நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோவை வாசகி: நாங்கள் வந்து நான்கு ஆண்டாகிறது. கணவருக்குப் பார்க்கின்சன் நோய். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் நின்றுவிடுமா? என்னென்ன செய்ய வேண்டியிருக்கும்? யாரிடமும் கேட்க மனம் வரவில்லை.

என்னிடம் கேட்டது நல்லது அம்மா. என் கணவர் 2022 மார்ச் 28 அன்று போனார்.

முதலில் மாட்டிக்கொண்டது பெயரில். மருத்துவமனையில் எல்லோரும் செய்வதுபோல் தலைப்பெழுத்து போட்டுப் பெயர் எழுதினார்கள். மாநகராட்சி இறப்புச் சான்றிதழும் அப்படியே வந்தது. பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து கிடையாது. அங்கே அவர் அப்பா பெயர் குடும்பப் பெயராக முழுதாக நின்றது. இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. மருத்துவமனையில் சேர்க்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர் சலித்துக்கொள்வார், சலித்துக்கொள்ளட்டும்.

அடுத்து சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம். சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இறப்புச் சான்றிதழையும் அவருடைய பாஸ்போர்ட்டையும் கொடுத்தால், வெளிநாட்டில் இறந்த அமெரிக்கக் குடிமகனுக்கான அறிக்கை ஒன்று தருகிறார்கள். அமெரிக்காவில் வங்கி, ஓய்வுக்காலக் கணக்கு எல்லா இடத்திலும் கேட்பது அந்தத் தாளைத்தான். நிறையப் பிரதிகள் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை ரத்து செய்து திருப்பிக் கொடுத்தார்கள். ஓட்டை விழுந்த அந்தப் புத்தகத்தை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

பணம் பற்றிக் கேட்டீர்கள். சோஷியல் செக்யூரிட்டியில் இறந்த மாதத்துக்குப் பணம் கிடையாது. மார்ச் மாதத்துக்கான தொகை ஏப்ரலில்தான் வரும். அவர் மார்ச்சில் 28 நாள் உயிரோடு இருந்தும் அந்த மாதம் கணக்கில் இல்லை. ஏப்ரலில் வந்து விழுந்த பணம் ஒரு வாரம் கழித்துத் தானாக வெளியே போய்விட்டது. யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்து மகனை நள்ளிரவில் எழுப்பினேன். திருட்டு இல்லை, சட்டம் அப்படி. அந்தப் பணத்தைத் தொடாமல் வையுங்கள். ஈமச்செலவுக்கென்று ஒரே ஒரு முறை 255 டாலர் கொடுப்பார்கள். எத்தனையோ ஆண்டாக அந்தத் தொகை மாறவே இல்லை.

உங்கள் வருமானம் நிற்காது. அவருடைய தொகை, உங்களுடையது இரண்டில் எது பெரியதோ அது உங்களுக்குத் தொடரும், இரண்டும் சேர்த்து வராது. நீங்கள் இன்னும் முழு ஓய்வு வயதை எட்டவில்லை என்றால் கொஞ்சம் குறையும். நீங்களும் அமெரிக்கக் குடிமகள் என்று வைத்துச் சொல்கிறேன். குடியுரிமை இல்லாத மனைவி என்றால், மனைவியாக ஐந்தாண்டு அமெரிக்காவில் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதி பெரும்பாலோருக்குக் குறுக்கே வரும். இதற்கு இணையத்தில் விண்ணப்பிக்க முடியாது. இந்தியாவில் வசிப்பவர்களின் கோப்புகளைப் பார்ப்பது மணிலாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தின் பிரிவு, அவர்களைத்தான் பிடிக்க வேண்டும். உயிரோடிருக்கிறீர்களா என்று கேட்டு ஒரு படிவம் தபாலில் வருமே, அதற்கும் இதே வழிதான். அதைத் திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுபோகும். எங்கள் தபால்காரர் அதை ஒருமுறை கீழ்வீட்டில் போட்டுவிட்டார். மூன்று மாதம் தவித்தோம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் கணவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். அவரையே பக்கத்தில் உட்காரவைத்து, கணக்கு எண்களையும் வாரிசுப் பெயர்களையும் அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, கையெழுத்துப் போட வேண்டியவற்றை இப்போதே போடட்டும். சமையல்காரர் வரும் நேரம், சிறுவாணித் தண்ணீர் வரும் நாள் எழுதிய எங்கள் நீண்ட நோட்டின் கடைசிப் பக்கத்தை, அவர் போய் இரண்டு வாரம் கழித்துத்தான் திருப்பினேன். மணிலாத் தொலைபேசி எண் இருந்தது. அதன் கீழே, "காலை 5.30-க்கே கூப்பிடு. அங்கே அப்போது எட்டு மணி. கூட்டம் இருக்காது" என்று எழுதியிருந்தார்.